மீனின் தலையை எறிந்துவிடாதீர்கள்

மும்பையில் மீன்நலமும் மீன் நோயியலும் பயிலும் தமிழ் மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் நாகப்பட்டினத்திலும் மீன்வளம் படித்துவிட்டு மேற்படிப்புக்காக வெர்சோவாவிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் வந்து இறங்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்து வந்தவன் நான். இந்த நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் 27 ஆண்டுகள் திசு வெட்டும் தொழில்நுட்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கிறேன். கால்நடைத் திசுக்களோடு தொடங்கிய வேலை, கடைசி 15 ஆண்டுகளில் பெரும்பாலும் மீன் திசுவாகவே ஆகிவிட்டது. மெழுகில் பதித்த உறுப்பை 5 மைக்ரான் தடிமனில் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏற்றிச் சாயமிட்டுக் கொடுப்பது என் பணி; அதைப் பார்த்து முடிவு எழுதுவது மற்றவர்களின் பணி. அப்படிக் கொடுத்த ஸ்லைடுகளில் நான் கண்ட ஒன்று பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீங்கள் செய்யும் ஆய்வின் பலனும் பாதிப்பும் போய்ச் சேரும் குஞ்சு பொரிப்பகங்களில் பல நம் கரையில், நம் மொழி பேசுவோரின் கையில் இருக்கின்றன. அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்க்கு எதிரான தடுப்பூசியை மீனில் சோதிக்கும்போது, இரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஏறியிருக்கிறது என்று அளந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். மூளையையும் அதைச் சுற்றிய உறையையும் எடுத்து, அங்கே எந்த நோயெதிர்ப்புச் செல்கள் வந்து தங்கியிருக்கின்றன, எந்த எதிர்ப்பொருள் சுரக்கிறது, அவற்றின் அருகே வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். தலையைக் குப்பைப் பையில் போடாதீர்கள்.

எந்த நோயை மனத்தில் வைத்துப் பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பீட்டாநோடா வைரஸ் உண்டாக்கும் நரம்பு அழுகல் நோயைத்தான் சொல்கிறேன். நம் ஊர்க் கொடுவாவையும், ராய்கட் பக்கத்துக் குளங்களில் வளர்த்து இங்கே ஜிதாடா என்ற பெயரில் பெருமையோடு விற்கிறார்களே, அதே மீனையும், களவா இனங்களையும் இந்த வைரஸ் தாக்குகிறது. உறையில்லாத, 25 முதல் 30 நானோமீட்டர் வரையிலான மிகச் சிறிய வைரஸ் அது. முட்டையிலிருந்து வெளிவந்து சில வாரங்களே ஆன குஞ்சுகளைப் பிடித்தால் தொட்டி முழுவதுமே காலியாகிவிடலாம். குஞ்சுகள் கறுத்து, நிலைகொள்ளாமல் சுழன்று சுழன்று நீந்தி, வயிறு மேலாக மிதந்து இறந்துபோகும். உருப்பெருக்கியில் பார்த்தால் பார்வைக்கூரை எனப்படும் நடுமூளைப் பகுதியிலும் சிறுமூளையிலும் விழித்திரையிலும், துணியில் பூச்சி அரித்ததைப் போல, வட்ட வட்டமான குழிகள் தெரியும். 1997-இல் முட்டுக்காட்டில் நம் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் கொடுவாவை அடைப்பிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு எடுத்துக் காட்டிய பிறகு இந்த மீனை நம்பி வாழ்வோர் பெருகினார்கள். இந்த நோய்க்கு அஞ்சுவோரும் அவர்களோடு பெருகினார்கள். அதே நிறுவனம் இந்நோய்க்கென மரபணுப் பொறியியல் வழியில் செய்த ஒரு மறுசேர்க்கைத் தடுப்பூசியையும் உருவாக்கியிருக்கிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்தப் பெருமை நிலைக்க வேண்டும் என்பதும் இந்த மடலின் நோக்கத்தில் அடங்கும்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடத்துக்கு ஒரு சோதனைத் தடுப்பூசியின் மாதிரிகள் வந்தன. விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகளுக்கு வயிற்றில் ஊசி போட்டு, சில வாரங்கள் கழித்து இரத்தம் எடுத்து எலைசா என்ற ஆய்வக முறையில் எதிர்ப்பொருளை அளந்திருந்தார்கள். அளவு நன்றாகவே ஏறியிருந்தது. பிறகு உயிருள்ள வைரஸைச் செலுத்தினார்கள். ஊசி போடாத கூட்டத்தில் பெரும்பகுதி இறந்தது, ஊசி போட்ட கூட்டத்தில் பெரும்பகுதி பிழைத்தது. நான்கு வாரத்தில் கணக்கு முடிந்தது. மண்ணீரலும் சிறுநீரகமும் ஃபார்மலினில் எனக்கு வந்தன, தலைகள் எரிப்பதற்குப் போயின. தலை எங்கே என்று கேட்டதற்கு, நெறிமுறையில் அது இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் தவறான எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை. நெறிமுறை அப்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

பிழைத்த மீன்களில் கொஞ்சத்தை வேறொரு வேலைக்காகத் தொட்டியில் விட்டு வைத்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, தொட்டி மாற்றி ஏற்றி இறக்கிய அலைச்சலுக்குப் பின், அவற்றில் சில சுழன்று நீந்தத் தொடங்கின. இந்த முறை நானே கேட்டு வாங்கித் தலைகளை வெட்டினேன். பார்வைக்கூரையில் குழிகள் இருந்தன. ஊசி போட்டு, வைரஸை எதிர்கொண்டு, பிழைத்ததாகக் கணக்கில் ஏறிய மீன்கள் அவை. என்னை நிறுத்தி வைத்தது அந்தக் குழிகள் அல்ல, அவற்றைச் சுற்றி இருந்த கூட்டம். ஹீமடாக்சிலின் சாயத்தில் ஊதா நிறம் ஏறிய சின்னஞ்சிறு உட்கருக்கள், குழிகளின் விளிம்பிலும் இரத்தக் குழல்களை ஒட்டியும் மூளை உறையின் மடிப்புகளிலும் திரளாக நின்றன. அவை மூளையிலேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியாவா, வெளியிலிருந்து வந்த டி செல்கள் என்ற வெள்ளணுக்களா, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களா, காப்பவையா, கெடுப்பவையா என்று சொல்ல எங்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. அறிக்கையில் 'அழற்சிச் செல்கள் காணப்படுகின்றன' என்ற ஒரு வரி எழுதப்பட்டது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை கேள்விகள் அடைபட்டிருந்தன என்பதை அன்றிலிருந்து நான் படித்துப் படித்தே தெரிந்துகொண்டேன்.

மூளை என்பது நோயெதிர்ப்பு எட்டாத தனித் தீவு என்ற எண்ணம் பழையது. 1948-இல் பீட்டர் மெடவார் முயலின் மூளையில் அயல் தோலை ஒட்டிப் பார்த்தார். உடலின் வேறு இடத்தில் ஒட்டினால் விரைவில் நிராகரிக்கப்படும் தோல், மூளையில் மட்டும் நிலைத்து நின்றது. அந்த எண்ணம் பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் ஆட்சி செய்தது. எலியின் மூளை உறையில் நிணநீர்க் குழல்கள் இருப்பதை 2015-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டிய பிறகு நிலைமை மாறிற்று. 2020-இல், எலியின் மூளை உறையிலுள்ள பெருஞ்சிரைகளை ஒட்டி ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்கள் காவல் நிற்பதையும், அவை குடலில் பழக்கப்பட்டு அங்கே வந்தவை என்பதையும் ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. குடலில் பயின்ற செல் மூளையின் வாசலில் காவல் நிற்கிறது என்பதைப் படித்த இரவு எனக்கு என் ஊதாப் புள்ளிகள்தாம் நினைவுக்கு வந்தன.

மீனுக்கு ஐஜிஏ கிடையாது. ஆனால் மீன்களுக்கே உரிய ஐஜிடீ என்ற எதிர்ப்பொருள் உண்டு. 2005-இல் ட்ரவுட் மீனிலும் ஜீப்ரா மீனிலும் அதன் மரபணு அடையாளம் காணப்பட்டது; ஜீப்ரா மீன் ஆய்வாளர்கள் அதற்கு வேறு பெயரிட்டார்கள் என்றாலும் பொருள் ஒன்றே. 2010-இல், குடலின் சளிப்படலத்தில் நுண்ணுயிர்களைப் பற்றி நிற்பது பெரும்பாலும் இந்த ஐஜிடீதான் என்று காட்டப்பட்டது. பாலூட்டியில் ஐஜிஏ செய்யும் வேலையை மீனில் ஐஜிடீ செய்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அப்படியானால் குடலில் பயின்ற ஐஜிடீ செல்கள் கொடுவாவின் மூளை உறையிலும் வந்து நிற்கின்றனவா என்பது இயல்பாக எழும் கேள்வி. இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பாலூட்டியின் மூளை உறைக்கு வரும் செல்களில் ஒரு பகுதி மண்டையோட்டின் எலும்பு மஞ்சையிலிருந்து நேராக இறங்குகிறது என்று 2021-இல் தெரியவந்தது. மீனில் எலும்பு மஞ்சையில் இரத்தம் உருவாவதில்லை. அந்த வேலையைச் செய்யும் தலைச் சிறுநீரகம் மண்டைக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. செல்கள் எந்த வழியாக மூளைக்கு வருகின்றன என்பதை மீனில் தனியாகத்தான் தேட வேண்டும். எலியைப் பார்த்து எழுதிவிட முடியாது.

மைக்ரோகிளியாவைப் பொறுத்தவரை மீன் நமக்கு ஏற்கெனவே நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1919-இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ-ஒர்த்தேகா அவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். 2001-இல் பிலிப் எர்போமெலின் குழு, ஒளி ஊடுருவும் ஜீப்ரா மீன் குஞ்சில், கிருமிகளை விழுங்கும் செல்களான இளம் மேக்ரோஃபேஜ்கள் மூளைக்குள்ளும் விழித்திரைக்குள்ளும் குடியேறுவதை உயிரோடு பார்த்துப் பதிவு செய்தது. 2008-இல், இறக்கும் நியூரானை (நரம்புச் செல்லை) மைக்ரோகிளியா விழுங்கிச் செரிப்பதையே நேரில் படம்பிடித்தார்கள். கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும் இந்தச் சிறு மீனை 1822-இல் ஹாமில்டன் விவரித்து எழுதினார். உலகத்துக்கு அது போனது நம் மண்ணிலிருந்து. இதே மும்பையில் கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜீப்ரா மீனைக் கொண்டு ஆய்வு நடக்கிறது. வெர்சோவாவுக்கும் கொலாபாவுக்கும் இடையே ஒரு ரயில் பயணமே தூரம். வளர்ப்பு மீன் நோயைப் படிப்பவர்களும் ஜீப்ரா மீனைப் படிப்பவர்களும் இன்னும் அடிக்கடி ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரத்தத்தில் ஏறிய எதிர்ப்பொருள் அளவு மூளைக்காக ஏன் பேச முடியாது என்பதை விளக்க வேண்டும். மீனின் இரத்தத்தில் பெரும்பான்மையாக இருப்பது ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள். நான்கு அலகுகள் சேர்ந்த அந்தப் பெரிய மூலக்கூறு, மனித இரத்தத்தின் முதன்மை எதிர்ப்பொருளான ஐஜிஜியைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு எடை கொண்டது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே நிற்கும் தடுப்பு மீனிலும் உண்டு. மனிதரில் அவ்வளவு சிறிய ஐஜிஜியே இரத்தத்தில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மூளைக்குள் போகிறது என்றால், மீனின் ஐஜிஎம் தானாகக் கசிந்து மூளைக்குள் சென்று வைரஸைப் பிடித்துவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? வைரஸ் இரத்தத்தில் வரும் வழியில் அதைத் தடுப்பதற்கு அந்த ஐஜிஎம் பயன்படும், அதை நான் மறுக்கவில்லை. ஒருமுறை வைரஸ் நியூரானுக்குள் போய் அமர்ந்துகொண்ட பின், அங்கேயே சுரக்கும் எதிர்ப்பொருளும், அங்கேயே வந்து நிற்கும் செல்லும்தான் கணக்கில் வரும். நோயிலிருந்து தேறிய மீனின் மூளையில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடியது என்பது உங்களுக்குத் தெரிந்த செய்தி. இரத்தத்தை மட்டும் பார்த்தால் ஒளிந்திருப்பவனையும் காண முடியாது, அவனைக் காவல் காப்பவர்களையும் காண முடியாது.

வைரஸ் இரத்தத்தின் வழியாகவே வர வேண்டும் என்பதும் இல்லை. மீனின் நாசி, நீரோடு நேரடியாக உறவாடும் நரம்பு வாசல். 2019-இல் ஐரீன் சாலினாஸின் குழு ட்ரவுட் மீனின் நாசியில் ஒரு வைரஸை வைத்தபோது, மணமறியும் நியூரான்களே அதை உணர்ந்து, நிமிடங்களுக்குள் நோயெதிர்ப்புச் செல்களை அங்கே வரவழைத்ததைக் காட்டியது. நரம்பும் நோயெதிர்ப்பும் இவ்வளவு நெருங்கிப் பேசிக்கொள்ளும் உயிரினத்தில் மூளையை ஒதுக்கி வைத்துவிட்டு நோயெதிர்ப்பை அளக்க முடியுமா? 2024-இல், நோயில்லாத சால்மன் குடும்ப மீன்களின் மூளையிலேயே பாக்டீரியாக்கள் வாழ்வதாக அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு, மூளை என்பது கிருமியற்ற இடம் என்ற நம்பிக்கையையும் அசைத்திருக்கிறது. நம் நீர்நிலைகளின் மீன்களில் இது எப்படி என்று யாராவது ஒருவர் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இங்கே என் தொழில் சார்ந்த சில சொற்களைச் சொல்ல அனுமதியுங்கள். மூளையை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் அதைச் சரியாக எடுக்க வேண்டும். தவறாக எடுத்த மூளை, எடுக்காத மூளையை விடக் கெடுதல், ஏனெனில் அது பொய் சொல்லும். மூளையை அரைத்து அதில் எதிர்ப்பொருளை அளப்பதாக இருந்தால், முதலில் அதிலுள்ள இரத்தத்தைக் கழுவி வெளியேற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது மூளையின் எதிர்ப்பொருளை அல்ல, மூளையின் குழல்களில் தங்கிவிட்ட இரத்தத்தின் எதிர்ப்பொருளை. மரபணுப் படியெடுப்பை அளப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மீனின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, அதுவும் நோயெதிர்ப்பு மரபணுக்களை வெளிப்படுத்தும். கிராம்பு எண்ணெயிலோ வேறு மயக்கமருந்திலோ மீனை ஆழ்ந்து உறங்கவைத்த பின், இதயத்தில் நுண்குழலைச் செலுத்தி, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புக்கரைசலை மெதுவாக அனுப்ப வேண்டும். மீனின் இதயத்திலிருந்து கிளம்புவது முதலில் செவுளுக்குப் போய், அதன் பிறகே மூளையை அடைகிறது. ஆகவே செவுள் வெளுத்துவிட்டது என்று அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். செவுளுக்குப் பின்னும் கரைசல் ஓட வேண்டும். கைப்பழக்கம் வரும்வரை பத்து மீன்கள் வீணாகலாம். அந்தப் பத்து மீன்களுக்கும் முறையான அனுமதியைப் பெற்று, அவற்றையும் உங்கள் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

வெட்டிப் பார்ப்பதாக இருந்தால் மண்டைக் கூரையைத் திறந்துவிட்டு ஃபார்மலினில் போடுங்கள். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும். மூடிய மண்டைக்குள் அது போய்ச் சேர்வதற்குள் மும்பையின் மே மாத வெப்பத்தில் மூளை கூழாகிவிடும். அப்படிக் கூழான மூளையில் தெரியும் குழிகளை நோயின் குழிகள் என்று எழுதிவிட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். மூளையைக் கரண்டியால் தோண்டி எடுத்தால் உறை மண்டையோட்டிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் கூடி நிற்க வாய்ப்புள்ள இடமே அந்த உறைதான். அதை இழந்துவிட்டுச் செல் இல்லை என்று எழுதுவது நியாயமாகாது. சிறிய மீனாக இருந்தால் தலையை முழுதாகவே பதப்படுத்தி, ஈடிடிஏ கரைசலில் சில நாட்கள் எலும்பை மென்மையாக்கி, மூளையும் உறையும் மண்டையும் சேர்ந்தாற்போல் வெட்டுங்கள். செவிக்கல்லை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்; கரையாமல் மிஞ்சிய ஒரு துணுக்கு கத்தியில் பட்டால் போதும், சீவல் நெடுக்கே கிழிந்துவிடும். எத்தனையோ மாலைகளை நான் அந்தக் கல்லுக்குப் பறிகொடுத்திருக்கிறேன்.

மூளையில் நோயெதிர்ப்புச் செல் இருந்தாலே நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. தைவானில் களவா மீனில் செய்த ஆய்வு ஒன்று, இந்த நோடா வைரஸ் புகுந்த மைக்ரோகிளியா சுரக்கும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதமே நியூரான்களின் இறப்புக்குக் காரணமாவதைக் காட்டியிருக்கிறது. காவல்காரன் வீட்டுக்குத் தீ வைத்துவிடும் நிலை அது. இதற்கு மறுபுறமும் உண்டு. ஜீப்ரா மீனின் மூளையில் காயம் பட்டால் புதிய நியூரான்கள் பிறக்கின்றன. அந்தப் பிறப்பைத் தொடங்கி வைப்பதே அழற்சிதான் என்று 2012-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மைக்கேல் பிராண்டின் குழு நிறுவியது. 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் தண்டுவடத்திலும் இதயத்திலும் விழித்திரையிலும் காயம்பட்ட இடத்துக்கு வந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியான வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, திசுவை மீண்டும் வளர்க்கின்றன என்று தெரிந்தது. ஆகவே ஒரு கொடுவாவின் மூளையில் ஊதாப் புள்ளிகள் திரண்டு நிற்கும்போது, அவை கொல்ல வந்தவையா, ஆற்ற வந்தவையா, தங்கிக் காக்க வந்தவையா என்று பிரித்தறியாமல் ஒரு தடுப்பூசியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது. எந்தச் செல், எவ்வளவு, எந்த நாளில் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். நான்கு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை என்றாவது பாருங்கள். பிழைத்த மீனைத்தான் நீண்ட நாள் பின்தொடர வேண்டும்.

நன்னீர் மீனைப் படிப்பவர்கள் இது கடல்மீன் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். நாம் ஜிலேபி என்று அழைக்கும் திலேப்பியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மூளையையும் அதன் உறையையும் அழற்சிக்கு உள்ளாக்கி, கண்களைப் பிதுங்கச் செய்து, மீனைச் சுழன்று நீந்தவைக்கிறது. அங்கும் இதே கேள்விதான்.

இவ்வளவும் யாருக்காக என்பதை மறந்துவிடக் கூடாது. வெளியில் நலமாகத் தெரியும் ஒரு தாய்மீன் வைரஸை உள்ளே சுமந்திருந்தால், அதை முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடக்கூடும். முட்டையிலிருந்து வெளிவந்த சில நாட்களிலேயே குஞ்சுக்கு ஊசி போட முடியாது, அதன் உடலும் தானே எதிர்ப்பொருள் உண்டாக்கும் நிலையை அந்த வயதில் எட்டியிருக்காது. தாய் முட்டையில் வைத்துக் கொடுக்கும் எதிர்ப்பொருள்தான் அதற்குச் சீர். களவாத் தாய்மீன்களுக்குத் தடுப்பூசி போட்டு வைரஸ் முட்டைக்குப் போகும் ஆபத்தைக் குறைக்கலாம் என்று 2010-இல் தைவானில் காட்டினார்கள். இது நம் பொரிப்பகங்களுக்கு மிகுந்த நம்பிக்கை தரும் வழி. அந்தத் தாயின் மூளையில் வைரஸ் அடங்கிக் கிடக்கிறதா, அடக்கி வைத்திருப்பவர்கள் எவ்வளவு காலம் நிற்பார்கள் என்று தெரியாமல், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு மீண்டும் ஊசி போடுவது என்று யார் சொல்வது? பல கிலோ எடையுள்ள தாய்மீனைக் கொன்று மூளையைப் பார்க்கச் சொல்லவில்லை. அதே வகையில் ஊசி போட்ட இளம் மீன்களை வைத்து ஒரு காலக்கணக்கை உண்டாக்கித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கருவிகள் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், அது உண்மையே. எலிக்கும் மனிதருக்கும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் ஒற்றை வகை எதிர்ப்பொருள்கள், நம் மீன்களின் டி செல்லையோ ஐஜிடீயையோ அடையாளம் காண எளிதில் வாங்கக் கிடைப்பதில்லை. ஒருவர் முனைவர் பட்டத்துக்காக உண்டாக்கிய எதிர்ப்பொருள், அவர் வேலை கிடைத்துப் போனதும் உறைபெட்டியிலேயே கிடந்து வீணாகிறது. அடுத்து வருபவர் முயலுக்கு ஊசி போட்டு எதிர்ப்பொருள் உண்டாக்குவதிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். ஆசிரியப் பெருமக்களே, இதை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு துறையில் உருவான எதிர்ப்பொருளும், அதைத் தொடர்ந்து சுரக்கும் ஆய்வகச் செல்லான ஹைப்ரிடோமாவும் மற்றத் துறைக்கும் மற்ற நகரத்துக்கும் போகும்படி ஒரு பொதுச் சேமிப்பை ஏற்படுத்துங்கள். எதிர்ப்பொருள் கிடைக்காத இடத்தில், மரபணுப் படியை ஸ்லைடிலேயே அடையாளம் காணும் முறையாவது இருக்கிறது. அதற்கு அந்த மீனின் மரபணுத் தொடர் தெரிந்தால் போதும். மாணவர்களின் ஆய்வுத் திட்டம் ஒப்புதலுக்கு வரும்போது 'தலை எங்கே?' என்ற கேள்வியை நீங்கள் கேட்டால், அடுத்த ஆண்டு முதல் நெறிமுறையில் தலை வந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கண்டறிவதைப் பொரிப்பகத்தில் வேலை செய்பவரிடம் தமிழில் சொல்லிப் பழகுங்கள். ரத்தத்தில் மருந்து பிடித்திருக்கிறது, தலைக்குள் பிடித்திருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னால் அவருக்குப் புரியும். புரிந்தால் சுழன்று நீந்தும் மீனை ஓடையில் விடாமல், தலையோடு ஐஸில் வைத்து உங்களுக்கு அனுப்பிவைப்பார். நோய்த் தகவலைத் தெரிவிக்க அரசு செயலி ஏற்படுத்தியிருக்கிறது, நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டமும் 2013 முதல் இருக்கிறது. கேட்பவர் பேசும் மொழியில் ஒரு மனிதர் விளக்கிச் சொன்னால்தான் அந்த ஏற்பாடுகளுக்கு மாதிரிகள் வந்து சேரும்.

நான் பணியாற்றிய கூடம் மூடப்பட்டபோது, அந்த மூன்று மாத மீன்களின் மெழுகுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் உரிய அனுமதியோடு வாங்கி வந்து, செம்பூரில் என் வீட்டில் நிழலான இடத்தில் வைத்திருக்கிறேன். 11 தலைகள். ஒவ்வொன்றின் மேலும் நாளும் தொட்டி எண்ணும் என் கையெழுத்தில் இருக்கின்றன. மெழுகில் பதித்த திசு பல ஆண்டுகள் கெடாது. புதிதாகச் சீவி, இன்று கிடைக்கும் எதிர்ப்பொருளையோ மரபணு அடையாள முறையையோ வைத்துப் பார்த்தால், அந்த ஊதாப் புள்ளிகள் யார் என்று இப்போது தெரிந்துகொள்ள முடியும். உங்களில் யார் அதைச் செய்ய முன்வந்தாலும், துறை ஆசிரியரின் கடிதத்தோடு வந்து அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். வெட்டுவதற்குக் கை வேண்டும் என்றாலும் வருகிறேன். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற திசுக்கூறு தொழில்நுட்பர்,
செம்பூர், மும்பை